உங்களுக்குத் தெரியுமா? ஓ.எஸ். போடும் முன்

டெஸ்க்டாப் என்று தனியாக ஓர் இடம் கிடையாது. அது சி டிரைவுக்குள்தான் இருக்கிறது. "சி-யில ஒன்னும் இல்லண்ணே, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு, ஃபார்மட் போட்டுடுங்க" என்று சொல்லி லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எங்கள் எலவனாசூர்கோட்டையிலும் உண்டு, உளுந்தூர்பேட்டையிலும் உண்டு. நானும் ஒரு முறை அப்படித்தான் கொடுத்தேன். அப்பா உயிரோடு இருந்த கடைசிப் பொங்கலின் படங்கள் அதில் இருந்தன. திரும்பி வரவில்லை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாமே சி-யில் யூசர்ஸ் என்ற ஃபோல்டரில், உங்கள் பெயருக்குக் கீழே இருக்கின்றன. ஃபார்மட் என்றால் அத்தனையும் போகும்.

*

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதனால்தான் இப்போது பழைய லேப்டாப்புகளுக்கெல்லாம் புது ஓ.எஸ். பேச்சு.

*

கோப்புகளை அழிக்காமலே விண்டோஸைத் திரும்பப் போட விண்டோஸுக்குள்ளேயே வழி இருக்கிறது. விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'ரீசெட் திஸ் பிசி' வரும். அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பது 'ரிமூவ் எவ்ரிதிங்'. இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். கடையில் கொடுப்பதானால் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரீசெட் பண்றீங்களா, பென் டிரைவ் போட்டு ஃபார்மட் பண்றீங்களா?" இரண்டாவது என்றால், கோப்புகளைப் படி எடுக்காமல் லேப்டாப்பைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள்.

*

ரீசெட் செய்யும்போது 'கிளவுட் டவுன்லோட்', 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்று இன்னொரு கேள்வியும் வரும். முதலாவது ஏறக்குறைய 4 ஜிபி இறக்கும். வெள்ளிமலைப் பக்கம் சிக்னல் தேடி நெட் பிடிப்பவர்களுக்கு இரண்டாவதே போதும். எதைச் செய்தாலும் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

*

'கீப் மை ஃபைல்ஸ்' கோப்புகளைக் காக்கும். நீங்கள் போட்ட மென்பொருள்களைக் காக்காது. எவையெல்லாம் நீக்கப்பட்டன என்று ஒரு பட்டியலை மட்டும் டெஸ்க்டாப்பில் விட்டுச் செல்லும். அரிசி மண்டியிலோ உரக்கடையிலோ டாலி ஓட்டுகிறவர்கள், கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கணக்கு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்று முதலில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் ரீசெட். இ-சேவை மையம் வைத்திருப்பவர்கள் கைரேகைக் கருவியின் மென்பொருளையும் மறுபடி போட வேண்டியிருக்கும். மனுக் கொடுக்கக் கூட்டம் நிற்கிற திங்கட்கிழமை காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

*

கோப்பு பத்திரமாக இருந்தும் தமிழ் தொலைந்துபோகலாம். ஓ.எஸ். மாற்றியதும் டி.டி.பி. கடைகளில் கேட்கும் முதல் அலறல் இதுதான். பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். உள்ளே கிடப்பது எப்போதுமே ஆங்கில எழுத்துகள்தாம். அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது எழுத்துரு. அந்த எழுத்துரு இருப்பதோ சி டிரைவில், விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில். அதை யாரும் 'சொந்தக் கோப்பு' என்று எண்ணுவதில்லை, ரீசெட்டும் எண்ணுவதில்லை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று பல வருட வேலையைப் பேஜ்மேக்கரில் வைத்திருப்பவர்கள், பாமினியோ வானவில்லோ எதைப் பயன்படுத்தினாலும் அதையும் சேர்த்துப் படி எடுக்க வேண்டும். 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16-ஐயும் கணினித் தமிழின் குறியீட்டுத் தரமாக ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் அடித்தது எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே திறக்கும். பழையதெல்லாம் மாற்றப்படும் நாள்வரை அந்தச் சின்ன எழுத்துருக் கோப்பை விட்டுவிட முடியாது.

*

ஓ.எஸ். மாற்றும்போது படி எடுப்பதை நம்மவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் செய்திருக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, அதன் சுவரில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் முதலில் ஏட்டில் படி எடுக்கச் செய்தான். கட்டி முடிந்த பின் ராஜேந்திரனின் 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026 வாக்கில், அவை புதுச் சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. அதற்கும் முன்பே சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவலில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது இதே வேலை நடந்தது. அப்படி மறுபடி வெட்டியதற்குப் பழங்கற்படி என்றே பெயர். யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை விளக்கெரிக்க எத்தனை ஆடு என்ற கணக்கு அழிந்தால் கோயில் நடக்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் எலவனாசூர்கோட்டையின் பழைய பெயர் இறையானரையூர் என்பதை நாங்கள் அறிந்ததும் இங்கே சிவன் கோயிலில் உள்ள கல்வெட்டுகளால்தான்.

*

"டி டிரைவ்ல இருக்கு, பயமில்ல" என்பது பாதி உண்மை. பெரும்பாலான லேப்டாப்புகளில் சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பாத்திகள். சி-யை மட்டும் ஃபார்மட் போட்டால் டி தப்பிக்கும். டிஸ்க்கே பழுதானால் இரண்டும் போகும்.

*

புது லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் நமக்குத் தெரியாமலே நடப்பது அது. பின்னால் ஓ.எஸ். படுத்துவிட்டால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். சாவி அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் வாங்கிய அன்று அவசரத்துக்கு வேறு யாருடைய மின்னஞ்சலையாவது போட்டுத் திறந்திருந்தால், சாவி அவரிடம் இருக்கிறது. இன்றைக்கே பார்த்து, சாவியைத் தாளில் எழுதி, பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

*

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. அந்த லினக்ஸ் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸ் திறக்காத நாளில் லினக்ஸ் பக்கம் போய்ப் படங்களையும் பாடங்களையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளலாம் என்பதை அதை வைத்திருந்த எத்தனை பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருப்பார்கள்! இன்றும் அந்த வழி இருக்கிறது. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பழைய டிஸ்க்கைத் திறந்து வேண்டியதை எடுக்கலாம். டிஸ்க் பூட்டியிருந்தால் மேலே சொன்ன சாவி வேண்டும்.

*

மைக்ரோசாஃப்டே தவறியிருக்கிறது. 2018 அக்டோபரில் வெளியிட்ட விண்டோஸ் 10 மேம்படுத்தல் சிலருடைய டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. சில நாள்களில் நிறுத்தி, திருத்தி, நவம்பர் 13-இல் திரும்ப வெளியிட்டார்கள்.

*

தவறி ஃபார்மட் போட்டுவிட்டால், அந்த நொடியே கணினியை நிறுத்துங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் குவிக் ஃபார்மட் அழிப்பது அட்டவணையைத்தான். மேலே வேறெதுவும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை மிகக் குறைவு.

*

படி எடுத்த பென் டிரைவை இன்னொரு கணினியில் செருகி, நடுவில் எங்கோ இருக்கும் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். ஒரு எக்செல் கோப்பையும் திறந்து பாருங்கள். இரண்டும் திறந்த பிறகு ரீசெட்டை அழுத்தலாம்.