ஆலை நிறுத்தியும் 29 ஆண்டுகள் காத்திருந்த கடல்: மினமாட்டாவின் சேற்றில் இருந்தது என்ன?

கடலில் கழிவு கலப்பதை நிறுத்திவிட்டால் தண்ணீர் தானாகச் சுத்தமாகிடும்னு நினைக்கிறோம். தண்ணீர் ஆகிவிடும். அடியில் கிடக்கும் சேறு?

ஜப்பானின் மினமாட்டா நகரில் இருந்த சிஸ்ஸோ ரசாயன ஆலை, அசிட்டால்டிஹைடு தயாரிக்கப் பாதரசத்தைப் பயன்படுத்தியது. கழிவு 1932 முதல் கடலுக்குப் போனது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன; பிறகு மனிதர்கள். நோய் 1956-ல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆனால், அந்த உற்பத்தி நின்றது 1968-ல்தான். அதற்குள் அந்தத் தொழில்நுட்பமே பழசாகியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நோயாளிகள் என அரசு அங்கீகரித்தவர்களே 2,200-க்கும் மேல்.

அப்போ 1968-ல் கதை முடிஞ்சுதா? இல்லை. பாதரசம், ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் மட்கிப் போவதில்லை. நுண்ணிய களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. அதனால் மேலே அள்ளிய தண்ணீர் பரிசோதனையில் பாஸ் ஆகலாம். கீழே வண்டலில் விஷம் அப்படியே இருக்கும். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் சாதாரண பாதரசத்தை, அதைவிட ஆபத்தான மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மினமாட்டாவில் ஆலைக் கழிவிலேயே மெத்தில் பாதரசம் இருந்தது. சேற்றைத் தின்னும் புழு, அதைத் தின்னும் சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என ஒவ்வொரு படியிலும் அதன் அளவு ஏறும். கடைசியில் நம் தட்டு.

உள்ளே இருக்கும் மீன்கள் வெளியே போகாதபடி 1974-ல் வளைகுடா வாயில் வலை கட்டினார்கள். கிலோவுக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றை அகற்றும் வேலை 1977-ல் தொடங்கியது. இங்கேதான் சிக்கல்: சேற்றைக் கிளறினால் அடங்கிக் கிடக்கும் விஷம் மறுபடி தண்ணீரில் கலக்குமே! மக்கள் நீதிமன்றம் போனார்கள், அந்தப் பயம் நியாயமானதே. வேலை நின்று, 1980-ல் மீண்டும் தொடங்கி, 1990-ல் முடிந்தது. சுமார் 15 லட்சம் கனமீட்டர் சேறு, 4,850 கோடி யென் செலவு. மீன்கள் பாதுகாப்பானவை என்று அறிவித்து வலையை எடுத்தது 1997-ல்.

அந்தச் சேறு எங்கே? வேறெங்கும் போகவில்லை. வளைகுடாவின் ஒரு பகுதியை எஃகுத் தடுப்புகளால் அடைத்து, உள்ளே சேற்றைக் கொட்டி, மேலே நல்ல மண் போட்டு மூடிவிட்டார்கள். அந்த 58 ஹெக்டேர் இப்போது பூங்கா. பாதரசம் அதன் அடியில் இருக்கிறது. எஃகுக்கு மட்டும் வயதாகிக்கொண்டிருக்கிறது.