கைப்பக்குவத்தின் பிழையா, அடுப்பின் பிழையா?

மாவும் சீனியும் அளவறிந்து சேர்த்து, முட்டையை நுரை பொங்க அடித்து, நத்தார்ப் பண்டிகைக்கென ஒரு தாய் கேக் கலவையைப் போறணையினுள் வைக்கிறாள். ஒரு மணி நேரத்தின் பின் கதவைத் திறந்தால், ஒரு பக்கம் கருகியும் நடுப்பகுதி களியாகவும் கிடக்கின்றது. "உனக்குக் கைப்பக்குவம் போதாது" என்று வீட்டார் தீர்ப்பளித்து விடுகின்றனர். குற்றவாளி மூலையில் மௌனமாக நிற்கும் மின்போறணையாகவும் இருக்கலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விறகடுப்பின் குணங்களை எம் பாட்டிமார் நன்கறிந்திருந்தனர். புகை எழுந்தால் விறகில் ஈரம் என்பர். தீ மங்கினால் சாம்பலை வாரி விடுவர். மின்னடுப்பும் அவ்வாறே தன் நோயைக் குறிகளால் உணர்த்துகின்றது. அக்குறிகளை அறிந்தால் வீண்செலவும் வீண்பழியும் குறையும். சிலவேளை உயிரும் காக்கப்படும்.

முதலில் அதன் அமைப்பை நோக்குவோம். வெப்பம் தருவது நிக்கலும் குரோமியமும் கலந்த நைக்குரோம் கம்பியாகும். இத்தகைய கலப்புலோகத்துக்கு அமெரிக்கரான அல்பேட் மார்ஷ் 1906 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். செந்நிறமாகக் காய்ந்தபோதும் எளிதில் அழியாமை இதன் சிறப்பு. இக்கம்பியை உலோகக் குழாயினுள் இட்டுச் சுற்றிலும் மக்னீசியம் ஒட்சைட்டுத் தூளை இறுக அடைப்பர். அத்தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது.

எதனைப் பார்ப்பதாயினும், சுவரிலுள்ள ஆளியை அணைத்து, அடுப்பு நன்கு ஆறிய பின்னரே கை வைத்தல் வேண்டும்.

அடுப்பு முற்றாக இயங்காவிடின்

ஆளி, உருகி, ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றை முறையே பாருங்கள். மணிக்கூடு பொருத்திய போறணைகள் பல, மின்தடைக்குப் பின் நேரத்தைச் சரிசெய்யும் வரை சூடேறுவதில்லை. 2022 ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுக் காலத்தை நினைவுகூரும் இல்லங்களுக்கு இது பயனுள்ள செய்தி. பழுதென்று ஆளை அழைக்குமுன் மணிக்கூட்டைத் திருத்திப் பாருங்கள்.

விளக்கு எரிந்தும் வெப்பம் இல்லையெனின்

மின்சாரம் வந்துள்ளது என்பதற்கு விளக்கே சாட்சி. வெப்பக் குழாயில் வெடிப்போ கொப்புளமோ தென்பட்டால் அதனை மாற்றுதல் வேண்டும். மேற்குழாய் காய்ந்து கீழ்க்குழாய் காயாவிடின், பண்டத்தின் மேற்புறம் சிவந்து அடிப்புறம் வேகாதிருக்கும். விளக்கே எரியாவிடின், போறணைக்கென வெப்பம் தாங்குமாறு செய்யப்பட்ட குமிழையே பொருத்துக. சாதாரண குமிழ் ஆகாது.

ஒரு பக்கம் கருகினால்

தட்டு பின்சுவரைத் தொடாமல் நடுத்தட்டில் இருக்கிறதா, கதவோரத்து றப்பர் பட்டி இற்றுப்போய் வெப்பம் கசிகிறதா என்று பாருங்கள். பின்னர், போறணைக்கான தனி வெப்பமானியை நடுவில் வைத்து, 180 பாகை செல்சியசில் அரைமணி நேரம் இயக்குங்கள். வெப்பம் சற்று ஏறியும் இறங்கியும் நிற்பது இயல்பே. ஆகையால் பலமுறை பார்த்துச் சராசரி காண்க. அது 200 எனக் காட்டின், வெப்பச்சீராக்கி 20 பாகை பிழைக்கிறது. திருத்தும் வரை 160 இல் வைத்துச் சமைக்கலாம்.

மேலடுப்பு மந்தமாயின்

வளைந்த அடியுள்ள சட்டி தட்டையான தகட்டில் முழுமையாகப் படியாது, வெப்பம் வீணாகும். காந்தத் தூண்டல் அடுப்பிலோ மண்சட்டியும் சாதாரண அலுமினியப் பாத்திரமும் சூடேறா. அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரமே வேண்டும். திருகியைக் குறைத்தபோதும் தகடு முழு வெப்பத்தில் நின்றால், திருகியின் உள்ளேயுள்ள தொடுகைகள் ஒட்டிக்கொண்டன எனக் கருதலாம்.

விஞ்ஞானம் பயிலும் மாணவர்க்கு ஒரு கணக்கு: வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ற்று 200 ஆக இறங்கினால், அடுப்பின் வலு ஏறக்குறைய முக்காற்பங்காகிவிடும். ஆகவே மின்னழுத்தம் குறைந்த மாலைப்பொழுதில் சோறு பிந்தினால் அன்னையைக் கடிந்துகொள்ளாதீர்!

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால்

இதுவே யாவற்றிலும் முக்கியமானது. நெடுநாள் பயன்படுத்தாத போறணையின் குழாயிலுள்ள தூள், மாரி காலத்து ஈரத்தை உறிஞ்சக்கூடும். அப்போது மின்சாரம் சிறிது சிறிதாக உலோக உடலுக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் அளவுடைய ட்ரிப் சுவிட்ச் அக்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கின்றது. "புவிக்கம்பியைக் கழற்றிவிடுங்கள், பிறகு விழாது" என்று கூறும் அரைகுறை அறிவாளிகளும் உளர். அவர் சொற்படி செய்தால் சுவிட்ச் விழாதிருக்கலாம். ஆயினும் கசியும் மின்சாரம் ஈரக்கையுடன் கதவைத் தொடும் தாயின் உடல்வழியாகவோ குழந்தையின் உடல்வழியாகவோ நிலத்தை நாடும். அடுப்பைத் தொடுகையில் சிறு அதிர்ச்சி உணர்ந்தாலும், அக்கணமே தலைமை ஆளியை அணைத்துத் தகுதி பெற்ற மின்வினைஞரை அழையுங்கள்.

உருகிக்குப் பதிலாகத் தடித்த கம்பி இடுவதும் இத்தகைய அறியாமையே. 13 அம்பியர் பிளக்கு தாங்குவது ஏறக்குறைய 3,000 வாற்று மட்டுமே. போறணையும் மேலடுப்பும் சேர்ந்து 6,000 வாற்று இழுப்பின், 26 அம்பியர் பாயும். அதற்குத் தனி இணைப்பு இன்றியமையாதது. பிளக்கு சூடேறினாலோ கருகிய மணம் வீசினாலோ அசட்டை செய்யாதீர்.

கருகிய கேக்கை மறுநாளும் சுடலாம். அடுத்த முறை பண்டம் பிழைத்தால் சமைத்த கையைப் பழிக்குமுன் அடுப்பைச் சோதியுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் அதனைச் சினவாமல், அது காத்த உயிரை எண்ணிப் பாருங்கள்.