சாக மறுக்கும் செல்

1951-இன் தொடக்கத்தில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்றியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். அவர் அனுமதியைக் கேட்காமலேயே கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தார்கள். அக்டோபரில், 31 வயதில், அவர் இறந்துவிட்டார். ‘ஹீலா’ என்று பெயரிடப்பட்ட அந்தச் செல்கள் உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன.

சாதாரண செல்லால் இது முடியாது. மனித செல்லை ஆய்வகத்தில் வளர்த்தால், சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961-இல் லெனார்ட் ஹேஃப்லிக் காட்டினார். காரணம், குரோமோசோம்களின் நுனியில் இருக்கும் டெலோமியர், சீவச் சீவக் குறையும் பென்சில் மாதிரி, ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் குறைகிறது. பெரும்பாலான புற்றுசெல்கள் டெலோமெரேஸ் என்ற நொதியை உருவாக்கி, குறைந்ததை ஈடுகட்டிக்கொள்கின்றன.

இன்னொரு வித்தியாசம், அக்கம்பக்கத்தை மதிப்பது. கண்ணாடித் தட்டில் வளரும் சாதாரண செல்கள் ஒன்றையொன்று தொட்டதும் பெருகுவதை நிறுத்திக்கொள்ளும். புற்றுசெல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் குவியும். உடலுக்குள் அவை பக்கத்துத் திசுவுக்குள் புகவும், ரத்தத்தில் கலந்து வேறு உறுப்பில் போய்க் குடியேறவும் செய்கின்றன.

ஒவ்வொரு செல்லிலும் காவல் உண்டு. மரபணு சேதமானால் ‘பி53’ புரதம் செல் பிரிவதை நிறுத்தும். பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகவைக்கும். ‘ஆர்பி’ புரதம் பிரேக் போன்றது. ஹென்றியேட்டாவின் செல்களில் புகுந்திருந்தது ஹியூமன் பாப்பிலோமா வைரஸின் (ஹெச்பிவி) 18-ஆம் வகை. அதன் ஒரு புரதம் பி53-ஐ அழிக்கிறது, இன்னொன்று ஆர்பியைச் செயலிழக்கச் செய்கிறது. 46 குரோமோசோம்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஹீலாவில் 70-க்கும் மேல்.

இத்தனை மாறினாலும் புற்றுசெல் நம்முடைய செல்தான். சிகிச்சையின் சிரமமே இதில்தான் இருக்கிறது. பல கீமோதெரபி மருந்துகள் வேகமாகப் பிரியும் செல்களையெல்லாம் தாக்குவதால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்கள் குறைகின்றன.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயிலோ, செல் மாறுவதற்கு முன்பே தடுக்க வழியிருக்கிறது. அந்நோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணமான ஹெச்பிவி 16, 18 வகைகளுக்குத் தடுப்பூசி வந்துவிட்டது. 9 முதல் 14 வயதுக்குள் பெண் குழந்தைகளுக்குப் போடுவது நல்லது. எல்லா வகை வைரஸையும் அது தடுக்காது என்பதால், ஊசி போட்டவர்களும் 30 வயதிலிருந்து பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.