சுவரும் ஓவியமும்: தாவுல் மலைச்சிற்றூரின் தேவாலயம்

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியாப் பகுதியில், பிரனீசு மலைத்தொடரின் போயி பள்ளத்தாக்கில், ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் தாவுல் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அங்குள்ள புனித கிளமெந்து கத்தோலிக்கத் தேவாலயம் 1123ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அர்ச்சிக்கப்பட்டது. தூண் ஒன்றின்மேல் தீட்டப்பட்ட இலத்தீன் வரிகளே இச்செய்தியைத் தருகின்றன. கட்டடக் கலையும் ஓவியக் கலையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை விளக்க இத்தேவாலயம் சிறந்த சான்றாகும்.

முதலில் கட்டடத்தைக் காண்போம். மலையில் கிடைத்த கல்லே இதன் கட்டுமானப் பொருள். உருளைத் தூண்களின் இரு வரிசைகள் உட்புறத்தை மூன்று கூடங்களாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு கூடத்தின் கிழக்கு முனையிலும் சுவர் அரைவட்டமாக வளைந்து நிற்கிறது. மேற்கூரை மரத்தாலானது. சாளரங்கள் சிறியனவாதலின் உள்ளே மங்கிய ஒளியே பரவுகிறது. பக்கத்தில் சதுர அடித்தளத்தின்மீது ஆறடுக்கு மணிக்கோபுரம் உயர்கிறது. அதன் சுவர்களில் வரிசையாக அமைந்த சிறு வளைவுகள் வட இத்தாலியக் கட்டட மரபின் செல்வாக்கைக் காட்டுகின்றன.

நடுக்கூடத்தின் முனையிலுள்ள குழிந்த வளைசுவரில்தான் புகழ்பெற்ற ஓவியம் தீட்டப்பட்டது. ஒளிவட்டத்தின் நடுவே இயேசு வீற்றிருக்கிறார். வலக்கை ஆசி வழங்க, இடக்கை திறந்த நூலை ஏந்துகிறது. கீழே மரியாளும் திருத்தூதர்களும் நிற்கின்றனர். இயேசுவின் உருவம் சுவரின் வளைவோடு இயைந்து, கூடியிருப்போரை நோக்கிக் கவிந்து வருவதுபோல் தோன்றுகிறது. அழுத்தமான கோடுகள் மங்கிய ஒளியிலும் உருவங்களைத் தெளிவாகக் காட்டுகின்றன. நீல நிறம், பிரனீசுப் பகுதியில் கிடைக்கும் ஏரினைட் என்னும் கனிமத்திலிருந்து பெறப்பட்டது. ஓவியரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அறிஞர்கள் அவரைத் 'தாவுல் ஓவியர்' என்றே அழைக்கின்றனர்.

1907ஆம் ஆண்டு கட்டலோனிய அறிஞர் குழு ஒன்று இப்பள்ளத்தாக்குக்கு வந்து ஆய்வு செய்தபின் இவ்வோவியங்களின் பெருமை வெளியுலகிற்குத் தெரிந்தது. பெருமையோடு ஆபத்தும் வந்தது. மூர் என்னும் மற்றோர் ஊரின் தேவாலய ஓவியம் வணிகர் கைப்பட்டு, அமெரிக்காவின் போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தைச் சென்றடைந்தது. எஞ்சியவற்றைக் காக்க பார்சலோனா அருங்காட்சியக வாரியம் முன்வந்தது. 1919 முதல் 1923 வரை இத்தாலிய வல்லுநர்கள் அப்பணியைச் செய்தனர். ஓவியத்தின்மேல் பசையால் துணியை ஒட்டி, காய்ந்தபின் வண்ணப்படலத்தோடு உரித்தெடுத்துச் சுருட்டினர். பார்சலோனாவில் அதே வளைவுடைய மரச்சட்டங்கள் அமைத்து ஓவியத்தை மீண்டும் பொருத்தினர்.

இம்முயற்சியால் ஓவியம் தன் நாட்டிலேயே நிலைத்தது. ஆனால் ஊரார் வழிபட்ட சுவரை விட்டு அது பிரிந்தது. காப்பாற்றுதலும் இழப்பும் ஒரே செயலில் அடங்கியிருந்தன. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ, இப்பள்ளத்தாக்கின் பிற தேவாலயங்களோடு இதனையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இன்று தாவுலின் வளைசுவரில் ஒளிப்படக் கருவிகள் ஓவியத்தின் முழுத் தோற்றத்தைச் சிறிது நேரம் காட்டுகின்றன. ஒளி அணைந்ததும், உரித்தெடுக்கப்படாது எஞ்சிய சில பகுதிகள் மட்டுமே கண்ணுக்குத் தெரிகின்றன.

ஆகவே, பழங்கலைப் பொருள் ஒன்றை அருங்காட்சியகத்தில் காணும் மாணவர், "இஃது எங்கே இருந்தது? எந்த ஒளியில், யாருக்காக இருந்தது?" என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடை தேடும்போதுதான் கலையை முழுமையாக அறிய இயலும்.