வீட்டு வரி: கப்பமா, பங்கா?

அரையாண்டு பிறந்துவிட்டதென்பதைத் தென்காசி வீட்டுக்காரர் பஞ்சாங்கம் பார்த்து அறிய வேண்டியதில்லை. வரி நோட்டீஸ் வந்து அறிவித்துவிடுகிறது. நோட்டீஸைக் கையில் வாங்கியவர் முதலில் கடைசியிலுள்ள தொகையைப் பார்க்கிறார், முகம் சுளிக்கிறார், இவ்வளவு ஏன் என்று பக்கத்து வீட்டாரைக் கேட்கிறார். அவருக்கும் தெரியவில்லை. பின்னர் ஒருவர், "சர்க்கார் கேட்டால் கொடுத்துத்தானே தீர வேண்டும்" என்று பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார். மற்றொருவர், "ஆள் வரும்போது பார்த்துக்கொள்வோம்" என்று நோட்டீஸை மாடத்தில் செருகிவிடுகிறார். இவ்விருவர் செய்வதும் தவறு என்பதே நமது அபிப்பிராயம். கணக்கு அறியாமல் அஞ்சிக் கொடுப்பது கப்பமாகும். கணக்கு அறிந்து, உரிமையோடு கொடுப்பதே பங்காகும். சுயராஜ்யத்தில் பிரஜை கொடுக்க வேண்டியது பங்குதான்.

நம் தேசத்தில் வீட்டு வரி நல்ல பெயரோடு வந்து புகவில்லை. 1810ஆம் வருஷத்தில் கம்பெனி சர்க்கார் வீடுகளின்மீது வரி விதித்தபோது, காசி நகரத்து ஜனங்கள் கடைகளை அடைத்து, தொழில்களை நிறுத்தி, ஊருக்கு வெளியே ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். மறு வருஷம் அந்த வரியைச் சர்க்கார் கைவிட நேர்ந்தது. நமது பழைய சென்னை மாகாணத்திலேயே, குண்டூர் ஜில்லாவைச் சேர்ந்த சீராலா, பேராலா என்ற ஊர்களை நகரசபையாக்க சர்க்கார் முற்பட்டபோது, வரி பல மடங்கு ஏறும் என்று கண்ட ஜனங்கள் நகரசபையே வேண்டாமென்றார்கள். அவர்கள் சொல் செவியேறவில்லை. 1921இல் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவின் தலைமையில் வீடு வாசல்களைத் துறந்து வெளியேறி, ஊருக்கு அப்பால் குடிசைகள் போட்டு, வெயிலிலும் மழையிலும் சுமார் பதினொரு மாத காலம் வசித்தார்கள். அந்த வீரத்தை நினைக்குந்தோறும் தலை வணங்குகிறோம்.

ஆயினும் அவர்கள் எதிர்த்தது எதை என்பதைத் தெளிவாகக் காண வேண்டும். தெருவுக்கு விளக்கும் குழாய்க்குத் தண்ணீரும் வேண்டாமென்று அவர்கள் சொல்லவில்லை. தங்களைக் கேளாமல், தங்களுக்குப் பொறுப்பில்லாத அதிகாரம் தங்கள் வீட்டுக்கு விலை போடுவதையே எதிர்த்தார்கள். அன்று வரி மறுப்பு தர்மமாயிருந்தது. ஓட்டுப் போட்டு நாமே மன்றத்தை அமைக்கும் இந்நாளில் அதே ஆயுதத்தை எடுப்பது, நம் வீட்டுக் கூரையை நாமே பிரிப்பதற்கு ஒப்பாகும். இன்று நமக்குரிய ஆயுதம் கணக்குக் கேட்பது. அதற்கு முதலில் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வரி பிறக்கும் விதம்

வரி வீட்டின் விற்பனை விலைமீது போடப்படுவதில்லை. ஊர் பல மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வைக்கப்படுகிறது. அத்துடன் கட்டடத்தின் பரப்பளவு, தரம், வயது, உபயோகம் ஆகியவற்றைச் சேர்த்து ஆண்டு மதிப்பு கணிக்கப்படுகிறது. அந்த மதிப்பில் இத்தனை சதவீதம் என்று விதிப்பதே வரி. சொந்தக் குடியிருப்புக்கு ஒரு விகிதம். கடைக்கும் விடுதிக்கும் வேறு விகிதம். ஆகவே நோட்டீஸில் பார்க்க வேண்டிய முதல் விஷயம் தொகையன்று. மண்டலம், சதுர அடி, உபயோகம் ஆகிய மூன்றுமே. தரை வீட்டுக்கு மாடி வீட்டின் பரப்பளவு எழுதப்பட்டிருக்கலாம். குடியிருப்பு கடையென்று பதிவாகியிருக்கலாம். வீட்டுக்காரர் அளவுநாடா பிடிக்காதவரையில் அந்தப் பிழை வருஷம் தவறாமல் அவரிடம் வரி வாங்கிக்கொண்டேயிருக்கும்.

வரி ஒன்றாகத் தோன்றினாலும் அதற்குள் பல பங்குகள் உண்டு. பொதுச் செலவுக்கு, தண்ணீருக்கும் சாக்கடைக்கும், தெரு விளக்குக்கு, ஆரம்பக் கல்விக்கு என்று அது பிரிகிறது. இவற்றோடு நூலக வரியும் சேர்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவில் எந்த மாகாணத்துக்கும் முன்னதாகச் சென்னை மாகாணம் 1948இல் பொது நூலகச் சட்டம் செய்தது. அன்று சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு பையாகத் தொடங்கிய நூலக வரி இன்று ரூபாய்க்கு 10 காசாக இருக்கிறது. நூலகத்தில் உட்கார்ந்து இலவசமாகப் பத்திரிகை படிக்கிறோம் என்று நினைப்பவர் அது இலவசமன்று, தம் வீடு கொடுத்த காசு என்பதை அறிய வேண்டும். அறிந்தால், நூலகம் பூட்டிக் கிடக்கும் நாளில் ஏனென்று கேட்கும் உரிமையும் நினைவுக்கு வரும்.

2022ஆம் வருஷத்துப் பாடம்

தென்காசியைப் போன்ற நகராட்சிகளில் 2008க்குப் பிறகு பல்லாண்டுகள் பொது வரிச் சீராய்வு நடக்கவில்லை. 2018இல் ஏற்றினார்கள், 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். இதற்கிடையே 2016 அக்டோபருடன் நகர மன்றங்களின் காலம் முடிந்து, ஐந்து வருஷங்களுக்கு மேலாகத் தனி அதிகாரிகளே ஊரை ஆண்டார்கள். 1993இல் அமலுக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் காலந்தவறாமல் தேர்தல் நடத்த வேண்டுமென்று சொல்லியும் இப்படி நடந்தது. 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் ஜனங்கள் ஓட்டளித்தார்கள். அடுத்த ஏப்ரல் மாதமே வரி உயர்வு வந்தது.

சென்னை நீங்கலான ஊர்களில், 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு 25 சதவீதமும், 1,200 வரையில் 50 சதவீதமும், 1,800 வரையில் 75 சதவீதமும், அதற்கு மேல் 100 சதவீதமும் வரி உயர்ந்தது. வரியின் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் வளர்த்தால்தான் மானியம் கிடைக்கும் என்று 15ஆவது நிதிக் கமிஷன் நிபந்தனை வைத்ததைச் சர்க்கார் காரணமாகக் காட்டியது. காரணம் பொய்யன்று. ஆனால் பல வருஷம் ஏற்றாமலிருந்து ஒரே நாளில் ஏற்றுவது நல்ல நிர்வாகமன்று. சிறுகச் சிறுக ஏற வேண்டிய படியை இடித்துவிட்டு, மதிலைத் தாண்டச் சொல்வது போன்றது அது. கைக்கு எட்டும் பென்ஷனில் வாழும் முதியவருக்கும், கணவனை இழந்து ஒரு வீட்டை மட்டும் சொத்தாக உடைய ஸ்திரீக்கும் மதில் மதில்தான்.

இந்த இரு ஊர்களின் நிலை

2019 நவம்பர் 22ஆம் தேதி தென்காசி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. தலைநகரில் மனைக்கு மதிப்பு ஏறுவது இயல்பு. விற்க வந்தவருக்கு அது லாபம். பாட்டனார் கட்டிய வீட்டிலேயே வசித்து, விற்கும் எண்ணமே இல்லாதவருக்கு மதிப்பு உயர்வு வரியில் மட்டுமே தெரியும். மண்டல மதிப்பு வகுக்கப்படும்போது இந்த வேற்றுமையை மன்றத்தில் எடுத்துச் சொல்ல வேண்டியவர் வார்டு கவுன்ஸிலரே.

குற்றாலத்தின் கதை வேறு. அது சிறிய பேரூராட்சி. ஆனால் ஜூன் முதல் சாரல் விழுந்துவிட்டால் நாலா திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து குவிகிறார்கள். அத்தனை பேருக்கும் தண்ணீர், விளக்கு, கழிப்பிடம், குப்பை வண்டி வேண்டும். இந்தச் சுமையைச் சில தெருக்களின் வீட்டு வரி மட்டும் தாங்க முடியாது. தாங்கச் சொல்வதும் நியாயமன்று. விடுதிகளும் கடைகளும் தமக்குரிய விகிதத்தில் ஒழுங்காகக் கொடுத்தாக வேண்டும். குடியிருப்பென்று எழுதிவைத்துவிட்டு, சீஸனில் அறை அறையாக வாடகைக்கு விடுபவர் சர்க்காரை ஏமாற்றுவதாக நினைக்கலாம். அவர் ஏமாற்றுவது நேர்மையாகக் கட்டும் பக்கத்து வீட்டாரையே.

இது குற்றாலத்தார் விவகாரம் என்று தென்காசியார் இருந்துவிட முடியாது. குற்றாலத்து அருவிகளில் விழும் சிற்றாறே தென்காசி வழியாகப் போகிறது. மேலே அள்ளாத குப்பையும் கழிவும் கீழே வந்து சேரும். ஓர் ஊரின் வரி பாக்கி இன்னோர் ஊரின் தண்ணீரைக் கெடுக்கும் என்பதை ஆறே நமக்குக் காட்டுகிறது.

செய்ய வேண்டியவை

2023 ஏப்ரல் 13 முதல் அமலிலிருக்கும் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின்படி, அரையாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், வரியைக் கட்டுவோருக்கு 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. அது 5,000 ரூபாயைத் தாண்டாது. தவணை தப்பிய பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் தனிவட்டி. உதாரணமாக, 2022க்கு முன் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய 1,000 சதுர அடி வீட்டுக்கு உயர்வின்பின் 1,500 ரூபாய் ஆகிறது. முதல் மாதத்தில் கட்டினால் 75 ரூபாய் மிஞ்சும். பாக்கி வைத்தால் மாதம் 15 ரூபாய் போகும். நோட்டீஸை மாடத்தில் செருகுவது சாமர்த்தியமன்று என்பது இதனால் விளங்கும்.

வரி தவறென்று தோன்றினால் திண்ணையில் பேசிப் பிரயோஜனமில்லை. உரிய கெடுவுக்குள் ஆணையரிடம் எழுத்து மூலம் சீராய்வு கோர வேண்டும். அங்கே தீராவிட்டால் மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் இடமுண்டு. வீடு வாங்கியவரும் வாரிசாகப் பெற்றவரும் வரியில் பெயர் மாற்றத் தாமதிக்கலாகாது. அதே சமயத்தில், வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தமதென்று எண்ணியிருப்பது பேதைமை. கிரயப் பத்திரமும் பட்டாவும் செய்யும் வேலையை ரசீது செய்யாது. கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துவதும், வந்த பணம் எங்கே போயிற்றென்று வார்டு பிரதிநிதியைக் கேட்பதும் சேர்ந்ததே வீட்டுக்காரரின் கடமை. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவரிடம் ஜாதி, கட்சி விசாரிப்பதற்கு முன்பாக, நம் தெருவின் வரிக் கணக்கை விசாரிக்கலாம்.

தென்காசியில் காசி விசுவநாதர் ஆலயத்தை 15ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதற்குக் குற்றம் நேர்ந்தால் திருத்திக் காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குவதாகக் கல்லில் எழுதிவைத்தான். கட்டுவதைவிடக் காப்பது கடினம் என்று அவன் அறிந்திருந்தான். முடிதரித்த மன்னன் வரப்போகும் முன்பின் அறியாதவரை வணங்கிக் கேட்டது ஒன்றே: பொதுவானதைப் பாழாக விடாதீர்கள் என்பது. அந்தக் கோபுரத்தின் நிழலில் வாழும் நமக்கு இன்று வணங்கிக் கேட்க மன்னன் இல்லை, ஊர் நம்முடையது. பங்கைக் காலத்தில் கொடுப்போம். கொடுத்த பங்குக்குக் கணக்கைத் தயங்காமல் கேட்போம்.