வேண்டாத கட்டடமும் வாடும் இளைஞரும்

இலண்டன் மாநகரின் வடபால், கம்டன் என்னும் பகுதியில் 'ரவுண்ட்ஹவுஸ்' என்றொரு வட்டக் கட்டடம் உண்டு. புகையிரத எஞ்சின்களை நிறுத்தி வைப்பதற்கென 1847ஆம் ஆண்டிற் கட்டப்பட்டது அது. நடுவே எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை. சுற்றிவர 24 வார்ப்பிரும்புத் தூண்கள். அவற்றிடையே 23 எஞ்சின்கள் நிற்க இடம். ஆயின் பத்தாண்டளவிலேயே எஞ்சின்கள் நீண்டு வளர்ந்துவிட, கொட்டகை அவற்றுக்குச் சிறிதாயிற்று. 1871 முதல் நெடுங்காலம் அது மதுக் கிடங்காக இருந்தது. 1964இல் நாடகாசிரியர் ஆர்னல்ட் வெஸ்கரின் 'சென்டர் 42' என்ற கலை இயக்கத்தின் கைக்கு வந்தது. இசையும் நாடகமும் சில காலம் அங்கே முழங்கின. 1983இல் மீண்டும் கதவு அடைபட்டது.

பதின்மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் பாழாய்க் கிடந்த அதனை 1996இல் டோர்க்வில் நோர்மன் என்பார் விலைக்கு வாங்கினார். விளையாட்டுப் பொருள்கள் செய்து செல்வம் ஈட்டியவர் அவர். சிறுவரால் வந்த பொருள் சிறுவர் பக்கமே திரும்பிற்று என்று எண்ணி நான் மகிழ்வதுண்டு. 2006ஆம் ஆண்டு கட்டடம் புதுப்பொலிவுடன் திறக்கப்பட்டது. மேலே பேரரங்கு. நான் சொல்ல வந்ததோ அதன் கீழ்ப்பாகத்தைப் பற்றி. எஞ்சின்களின் பாரத்தைத் தாங்குவதற்காகச் செங்கல்லால் எழுப்பிய நிலவறைகள், வகிர்ந்த பூசணித் துண்டங்கள் போல் வட்டமாகச் சூழ்ந்திருக்கின்றன. ஒளிபுகாத அவ்வறைகளே இளைஞர் யுவதிகள் பாடவும், வானொலி நிகழ்ச்சி தயாரிக்கவும், படம் பிடிக்கவும் உரிய கூடங்களாயின.

அது வைத்தியசாலை அன்று. அங்கேதான் அதன் வலிமை இருக்கிறது என்பது என் துணிபு. உளநோய்களிற் பாதி பதினான்கு வயதுக்குள்ளும், முக்காற்பங்கு இருபத்துநான்கு வயதுக்குள்ளும் தலைகாட்டுகின்றன என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். உதவி மிக வேண்டப்படும் அந்த வயதிலேதான் மனிதன் உதவி கேட்க மிகவும் நாணுகிறான். 'மனநோய்' என்று பலகை தொங்கும் வாயிலை அவன் மிதிக்க மாட்டான். மேளம் அடிக்கலாம் என்றால் வருவான். வந்து பழகியவன் ஒருநாள் வாய் திறப்பான். அவுஸ்திரேலியா அதே 2006இல் 'ஹெட்ஸ்பேஸ்' அமைப்பை நிறுவியபோது, 12 முதல் 25 வயதினர்க்கு உளவைத்தியம், உடல்வைத்தியம், படிப்பு, தொழில் ஆகிய யாவற்றுக்கும் ஒரே வாயில் வைத்ததும் இது கருதியே.

நம் நாட்டு நிலையை நினைக்க வேண்டும். அங்கொடை என்பது ஓர் ஊரின் பெயர். நம்மவர் நாவில் அது வசைமொழியாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர் அப்பெயர் சொல்லிக் கேலி செய்கின்றனர். அப்படியிருக்க, எந்தத் தாய் தன் மகளை உளவைத்தியரிடம் அழைத்துச் செல்லத் துணிவாள்? 1995ஆம் ஆண்டளவில், தற்கொலை மிகுந்த நாடுகளின் வரிசையில் இலங்கை உலகின் முன்னணியில் நின்றது. கொடிய பூச்சிகொல்லிகளுக்குத் தடை வந்தபின் அத்தொகை வெகுவாகக் குறைந்தது. பெரும் நன்மைதான். நஞ்சு கையெட்டாத் தூரம் போயிற்று. நஞ்சை நாடவைத்த துயரத்தை யார் கேட்டனர்? 1974 முதல் 'சுமித்திரயோ' அமைப்பின் தொண்டர்கள் பொறுமையோடு செவிசாய்த்து வருகின்றனர். அத்தகைய செவிகள் ஊர்தோறும் வேண்டும்.

எங்கள் ஊர்ச் சந்தியிற் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பழைய களஞ்சியம் பூட்டிக் கிடக்கிறது. ஓடு சில கழன்றுவிட்டன. சுவர் இன்னும் உறுதி. மாலையானால் அதன் படிகளில் இளைஞர் குந்தியிருப்பர். போவோர் வருவோர் அவர்களைக் 'காவாலிகள்' என்று ஏசிச் செல்வர். நான் இரண்டொரு தடவை நின்று பேசிப் பார்த்தேன். ஒருவன் பரீட்சையில் தவறியவன். இன்னொருவன் வெளிநாட்டுப் பயணம் முறிந்து கடனோடு திரும்பியவன். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை என்றே இருவரும் சொன்னார்கள். படியில் இருப்பவர்களை உள்ளே இருத்துவதற்குக் கோடிப் பணம் வேண்டியதில்லை. ஓடு மாற்ற வேண்டும், மின்விளக்கு வேண்டும், ஒரு கரம் பலகை வேண்டும். இவற்றினும் அரிது, பயிற்சி பெற்று, கேட்டதை வெளியே சொல்லாத ஒருவர் அங்கே நாடோறும் இருப்பது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படிகளில் ஒரு பெண்பிள்ளையையும் நான் கண்டதில்லை. அவர்களது துயரம் சந்திக்கு வருவதில்லை, அடுக்களையிலேயே அடங்கிவிடுகிறது. களஞ்சியம் திறக்கப்படுமாயின், வாரத்தில் இரண்டு நாளாவது அவர்களுக்கென ஒதுக்கி, தையல் என்றோ கணினி என்றோ பெற்றோர் மறுக்காத ஒரு பெயரைச் சூட்ட வேண்டும்.

இவ்விடயத்தைச் சங்கத்தாரிடம் எடுத்துரைத்தேன். அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பதாகச் சொன்னார்கள். திறப்பு எவரிடம் இருக்கிறது என்பதையே இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.