நகராத யானை

காட்டூரில் இல்லச் சந்திப்புக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டில் மூன்று வயதுச் சிறுவனுக்குத் தாய் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்து வைத்த அலைபேசியில் ஏதோ பொம்மைப் படம். பிள்ளையின் கண் அதைவிட்டு அகலவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. கையோடு கொண்டுபோயிருந்த படப்புத்தகம் ஒன்றை அவனிடம் நீட்டினோம். யானைப் படத்தின்மேல் விரலை வைத்து ஒருபுறமாகத் தள்ளினான். யானை நகரவில்லை. மீண்டும் தள்ளிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டான்.

அத்தாயைக் குறைகூற நமக்கு வாயில்லை. திருமண ஓலை எழுத வந்தவர்களின் குழந்தை அழுதபோது, நம் அலைபேசியைக் கொடுத்து அமர்த்தியவர்கள்தாமே நாம்!

உலக சுகாதார நிறுவனம் 2019-இலும், இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் 2021-இலும் இதுபற்றி நெறிமுறைகள் வெளியிட்டன. 2 வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம். அதன்பின் 5 வயதுவரை நாளொன்றுக்கு 1 மணிக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நன்று என்பதே இவற்றின் சாரம். நம் நாட்டு மருத்துவர்கள் ஒரு விலக்கும் அளித்துள்ளனர்: உறவினரோடு எப்போதாவது முகம் பார்த்துப் பேசலாம். ஆகவே, துபாயிலிருந்து அழைக்கும் தந்தையின் முகத்தைக் கைக்குழந்தைக்குக் காட்டத் தயங்கவேண்டாம். அந்த முகம் மழலைக்கு மறுமொழி சொல்கிறது. பொம்மைப் படமோ குழந்தை என்ன சொன்னாலும் கேளாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் புத்தகம் மட்டும் பேசுமா? பேசாது. புத்தகத்தை வாங்கிக் கையில் திணித்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணும் பெற்றோர் இதனைக் கருதவேண்டும். 1988-இல் அமெரிக்க உளநூலார் வைட்ஹர்ஸ்டும் அவர்தம் குழுவினரும் 2 வயதையொட்டிய குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினர். எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளுக்குப் படக்கதை வாசித்தனர். ஆனால், ஒரு சாராருக்கு மட்டும், இடையிடையே பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பேசவைக்கவும், அது சொன்னதை நீட்டிச் சொல்லவும் பயிற்சி தரப்பட்டது. ஒரே மாதத்தில் அவர்தம் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டனர்.

விலையும் பெருந்தடையன்று. நேஷனல் புக் டிரஸ்ட் குறைந்த விலையில் தமிழ்ப் படநூல்கள் வெளியிடுகிறது. சென்னையின் தூலிகா பதிப்பகத்திலும் தமிழில் நல்ல நூல்கள் உண்டு.

சில வாரங்கள் கழித்து அவ்வீட்டுக்கு மறுபடி சென்றோம். திண்ணையில் அப்பாயி மடியில் பேரன். அவன் மடியில் அதே புத்தகம். "எனக்கு எழுத்துத் தெரியாதே சாமி, நான் பாட்டுக்கு எதையாவது சொல்லிக்கிட்டிருக்கேன்" என்று நாணினார் மூதாட்டி. எழுத்துத் தெரிந்த நம்மைவிட அவர் நன்றாகவே வாசித்தார். "இந்த யானை எங்கடா போவுது?" என்றார். சிறுவன் படத்தைத் தள்ளவில்லை. சற்று நேரம் உற்றுப் பார்த்தான்.

"சீரங்கத்துக்கு" என்றான்.